யார் கள்ளபார்ட்? – சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலனும் கம்பம் பள்ளத்தாக்கும்

1

கோவலன் நாடகம் மதுரை எரிவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கண்ணகி எங்கே போனாள் என்று மேடை கேட்பதில்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியில்லை. கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கோட்டம் இடிந்து கிடக்கிறது. வையைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றவள் வந்து சேர்ந்த குன்று இதுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆய்வாளர்களிடம் வேறு கருத்துகளும் உண்டு. கொடுங்கல்லூரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. சித்ரா பௌர்ணமி அன்று பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறுகிற சனங்களுக்கு அந்த வழக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் ஏறுகிறார்கள், கும்பிடுகிறார்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள்.

அதே சனங்கள்தான் மாசி, பங்குனி, சித்திரையில் ஊர்ப் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் பார்க்கிறார்கள். ‘வள்ளி திருமணம்’ அளவுக்கு இல்லையென்றாலும், ‘கோவலன்’ இன்னும் செத்துப்போகவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எழுந்த கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. சங்கரதாஸ் சுவாமிகள் தன் நாடகத்தில் நல்லவர்களையும் கெட்டவர்களையும் நியாயமாக நடத்தினாரா? மாதவிக்கு, பாண்டியனுக்கு, குறிப்பாக அந்தப் பொற்கொல்லனுக்கு அவர் செய்தது நீதியா?

இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் இருக்கின்றன. நாடகக்காரர்களிடம் கேட்டால் சுவாமிகள் தெய்வம், அவர் எழுதினதில் குறை காணக் கூடாது என்பார்கள். நம் தோழர்களிடம் கேட்டால் அது நிலவுடைமைக் காலத்துப் புராணக் குப்பை, அதில் நியாயம் தேடுவதே வேலையற்ற வேலை என்பார்கள். இரண்டு பேருமே பிரதியைப் படிக்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. ஒருவர் கும்பிட்டுவிட்டு நகர்கிறார், இன்னொருவர் காறித் துப்பிவிட்டு நகர்கிறார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

2

முதலில் மேடையின் அமைப்பைப் பார்ப்போம். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாகப் பேசப்பட்டு, தனித்தனியாக வந்து, அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். ஒத்திகை இல்லை. அப்படியும் விடிய விடிய நாடகம் நடக்கிறதென்றால், எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடம் மனதில் இருப்பதுதான் காரணம். அந்தப் பாடத்தின் பெரும்பகுதி சுவாமிகள் கொடுத்தது. 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922-இல் புதுச்சேரியில் இறந்தவர் அவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பையன்களுக்குப் பாடம் சொன்னவர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள்தாம்.

நடிகர்களைப் பேசும்போது பாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பேசுவதில்லை, ‘பார்ட்’ சொல்லித்தான் பேசுகிறார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், கள்ளபார்ட். வில்லன் என்கிற சொல் சினிமா பரப்பியது. அதற்கு முன்னால் மேடையில் இருந்தது கள்ளபார்ட். கள்ளபார்ட் வேஷத்தில் பெயரெடுத்து அதையே பட்டமாகப் போட்டுக்கொண்ட நடிகர்களும் உண்டு. ஆக, நாடகாசிரியன் பேனாவைத் தொடுவதற்கு முன்பே, ஒரு ஆள் ராஜா, ஒரு ஆள் கள்ளன் என்று இடம் போட்டு வைத்தாயிற்று. எந்தப் பிரதியும் இந்த இடஒதுக்கீட்டுக்குள்தான் தன்னை எழுதிக்கொள்கிறது. சுவாமிகள் நியாயமானவரா என்று கேட்கும்போது, அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த நாற்காலிகள் எத்தனை, அவற்றில் யார் யார் உட்கார்ந்தே ஆகவேண்டியிருந்தது என்றும் கேட்க வேண்டும்.

இந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு கனம் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே வந்தது. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. ரேகை வைக்கச் சொல்லி நிர்ப்பந்தித்ததை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். உசிலம்பட்டிச் சீமையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ராத்திரி தன் வீட்டில் படுக்க உரிமையில்லாமல், ஸ்டேஷன் திண்ணையில் கையெழுத்துப் போட்டுப் படுத்த ஆண்கள் இருந்தார்கள். சட்டம் 1947-இல்தான் இங்கே நீங்கியது. ஒரு சாதி முழுவதற்கும் அரசாங்கமே கள்ளபார்ட் கொடுத்து வைத்திருந்த அதே ஆண்டுகளில்தான் சுவாமிகளின் நாடகங்கள் இந்த ஊர்களில் பரவின. பார்வையாளர்களில் பாதிப்பேர் பிறப்பாலேயே ‘கள்ளன்’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள். அவர்கள் முன்னால், திருடாத ஒருவனைத் திருடன் என்று சொல்லி வெட்டுகிற கதை நடிக்கப்பட்டிருக்கிறது. இதை யோசிக்காமல் கோவலன் நாடகத்தின் வரவேற்பைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

3

இளங்கோவிடம் வருவோம். நம்மவர்கள் சிலப்பதிகாரத்தை எப்போதும் நீதியின் காவியம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதவிக்கு இளங்கோ நியாயம் செய்திருக்கிறார். கானல்வரியில் பாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுந்து போனவன் கோவலன். அவள் இரண்டு கடிதம் எழுதுகிறாள். முதலாவதை அவன் தொடவில்லை. இரண்டாவது மதுரைக்குப் போகிற வழியில் கோசிகன் கையில் வந்து சேர்கிறது. அதைப் படித்தபிறகு அவள்மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறான். அதே கடிதத்தைத் தன் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான். அவன் செத்த செய்தி கேட்டு மாதவி பௌத்தத் துறவு கொள்கிறாள், மகளையும் குலத்தொழிலிலிருந்து விடுவிக்கிறாள். பரத்தையர் குலத்தில் பிறந்தவளை இவ்வளவு கண்ணியத்தோடு அனுப்பிவைத்த பழைய பிரதி நம்மிடம் வேறு எது இருக்கிறது?

பாண்டியனுக்கும் நியாயம் உண்டு. ஊடல் கொண்ட ராணியைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் ஒரு வார்த்தை சொன்னான், அந்த வார்த்தைக்கு உயிரைக் கொடுத்தான். வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாய்த் தோன்றுகிற கண்ணகியே அவனைக் குற்றமற்றவன் என்கிறாள், தன்னை அவன் மகள் என்றும் சொல்லிக்கொள்கிறாள். எரித்தவளே மன்னித்தாயிற்று.

கோவலனும் சும்மா விடப்படவில்லை. மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை சொல்கிறது. சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் இருந்தவன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையிலிருந்து விழுந்து இறந்தாள், சாபம் கொடுத்துவிட்டு. இந்த இடத்தை வினைக்கோட்பாடு என்று ஒரே வார்த்தையில் கடந்துபோய்விடுகிறோம். அதற்குள் ஒரு நாடக உண்மை இருக்கிறது. இந்தப் பிறப்பின் ராஜபார்ட் போன பிறப்பில் கள்ளபார்ட். பொய்க் குற்றச்சாட்டில் செத்தவன், முன்னொரு காலத்தில் பொய்க் குற்றம் சாட்டியவன். நாயகனுக்கும் வில்லனுக்கும் நடுவில் இருக்கிற சுவரை இளங்கோ இங்கே உடைத்துவிடுகிறார்.

சரி, பொற்கொல்லன்? அவனுக்குப் பெயர்கூட இல்லை. பல கம்மியர் பின்தொடர, சட்டை அணிந்து, பெரிய மனுஷத் தோரணையில் வருகிறான். ராணியின் சிலம்பைத் திருடினவன் அவனே. கோவலனைப் பார்த்த காவலர்கள் தயங்குகிறார்கள். இந்த ஆளின் முகக்களை திருடன்போல் இல்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூல் பிரசங்கம் ஒன்று செய்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டு வழிகளை வரிசைப்படுத்தி, ஆளைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறான். திருடனே திருடனின் இலக்கணத்தை வகுக்கிறான். அந்த இலக்கணம் முடிந்ததும், குடித்திருந்த ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான். குற்றப் பரம்பரைச் சட்டத்தை வகுத்தவர்களின் அறிக்கைகளை வாசித்தவர்களுக்கு இந்தக் குரல் பழகினதாக இருக்கும். யார் திருடன் என்பதை நிர்ணயிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை இளங்கோ அளவுக்கு யாரும் காட்டியதில்லை. இதுவரை சரி.

ஆனால் அடுத்து நடப்பது? கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற்செழியன் ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான். ஒருத்தன் செய்த திருட்டுக்கு ஆயிரம் தலை. இதைச் சொல்லும்போது பிரதியின் குரலில் நடுக்கம் இல்லை. அப்புறம் மழை பெய்தது, நாடு செழித்தது, அவ்வளவுதான். மதுரையை எரிக்கிற தீக்கும் முன்கூட்டியே பட்டியல் கொடுக்கப்படுகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினி, முதியோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்று ஆணை. தீயவர் யார் என்பதைத் தீயே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அரசனுக்கு மன்னிப்பு, கணிகைக்குத் துறவு, நாயகனுக்கு முற்பிறப்பு, கம்மாளனுக்குக் கூட்டுக்கொலை. இளங்கோவின் நீதி எங்கே நின்றுவிடுகிறது என்பது இப்போது தெரிகிறதல்லவா?

4

சுவாமிகள் கையில் எடுத்தது இந்தச் சிலப்பதிகாரத்தை அல்ல. உ.வே.சாமிநாதையர் பதிப்பு 1892-இல்தான் வந்தது. புலவர்களுக்கு அது பொக்கிஷம், சனங்களுக்குத் தெரிந்தது புகழேந்தி பெயரில் ஓடிய ‘கோவலன் கதை’. அதில் கண்ணகி காளியின் பிறப்பு. பாண்டியனுக்கே மகளாகப் பிறந்து, பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டவள். மாதவி மாலையை வீசுகிறாள், அது கோவலன் கழுத்தில் விழுந்து கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்கிறது. பொற்கொல்லனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, வஞ்சிப்பத்தன். பெயரிலேயே வஞ்சம். மேடைக்கு வந்தது பெரும்பாலும் இந்த வழிக் கதைதான்.

இந்த மாற்றத்தில் அடி வாங்கினவள் மாதவி. இளங்கோவிடம் காதலியாக இருந்தவள் இங்கே காசு பறிக்கிற தாசி. சொத்து முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு ஆளைத் தெருவில் தள்ளுகிறவள். கடிதம் போயிற்று, துறவு போயிற்று. ஏன் இப்படி? சுவாமிகளின் தனிப்பட்ட வன்மம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. காலத்தைப் பாருங்கள். மேடைத் தமிழின் இன்னொரு கரையில் நின்ற பம்மல் சம்பந்த முதலியார், 1891-இல் சுகுண விலாச சபை தொடங்கியவர், படித்தவர், நீதிபதியாக இருந்தவர். அவருடைய ‘மனோகரா’விலும் குடும்பத்தைக் கெடுக்கிறவள் வசந்தசேனை என்கிற ஆசைநாயகிதான். வக்கீல்களின் சபாவானாலும் வாடகைக் கொட்டகையானாலும் தாசி என்றால் வில்லி. தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்டசபையில் பேசினார், 1947-இல் சட்டம் வந்தது. அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்து பார்த்து எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்கூட 1936-இல் தன் நாவலுக்குத் ‘தாசிகள் மோசவலை’ என்றுதான் பெயர் வைத்தார். வலை விரித்தவள் தாசி என்பதும், அவளை வலைக்குள் உட்காரவைத்த மிராசுதாரும் கோயில் தர்மகர்த்தாவும் பின்னால் மறைந்துகொள்வதும் அந்தக் காலத்துப் பொதுப்புத்தி.

இதில் ஒரு கொடூரமான முரண் உண்டு. மேடைக்கு வந்த பெண்களில் பலர் அந்தக் குலத்திலிருந்து வந்தவர்களே. கும்பகோணம் பாலாமணி அம்மாளைப் போலச் சொந்தக் கம்பெனி நடத்தினவர்களும் உண்டு. வராதவர்களையும் ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ் வருகிற பெண்ணை எப்படிப் பார்க்கிறார்கள், என்ன கமெண்ட் அடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? அந்தப் பெண்தான் மாதவியாக நின்று, தான் ஒரு பணப்பேய் என்று பாடிக்காட்ட வேண்டியிருக்கிறது. பிரதி செய்கிற அநியாயம் பாத்திரத்தோடு நிற்பதில்லை, வேஷத்தைக் கலைத்த பிறகும் அது வீடுவரை கூட வருகிறது.

5

இத்தோடு தீர்ப்பெழுதி முடித்துவிடலாம். ஆனால் சுவாமிகள் விஷயத்தில் இடிக்கிற சில சங்கதிகள் இருக்கின்றன.

அவர் ஆரம்பத்தில் நடிகர். நடித்ததெல்லாம் ராஜபார்ட் இல்லை. இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். டி.கே. சண்முகம் போன்றவர்கள் சொல்லிப் பரவிய செய்தி இது. சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் ஆற்றுக்குப் போனபோது, துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி அவரைப் பார்த்துப் பயந்து உயிரை விட்டாள். எமனாக மேடையில் பாய்ந்தபோது பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது. அதற்குப் பிறகு அவர் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு ஆசிரியரானார். இதில் கதை எவ்வளவு, நடப்பு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். வில்லனை மற்றவர்களின் பயமாக அல்ல, தன் உடம்பாகவே அறிந்தவர் அவர் என்பது முக்கியம்.

அதனால்தான் அவருடைய ‘சத்தியவான் சாவித்திரி’யில் எமன் வில்லனாக இல்லை. வேலை செய்ய வந்த ஒரு அதிகாரியாக இருக்கிறான். அவனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை வரிசையாக எடுத்துச் சொல்கிறான். சாவித்திரி அடித்து ஜெயிப்பதில்லை, பேசி ஜெயிக்கிறாள். இந்தத் ‘தர்க்கம்’ என்கிற வடிவம்தான் அவருடைய நாடகங்களின் உயிர். வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம், அல்லிக்கும் அர்ஜுனனுக்கும் தர்க்கம். ஒத்திகை இல்லாத ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் விரிகிறது. எழுதி வைத்தது பத்து வரி என்றால், கெட்டிக்கார ஸ்திரீபார்ட் ஒரு மணி நேரம் இழுத்துவிடுவார். சின்னமனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பார்த்த கோவலனில், மாதவியாக நின்ற அம்மா பாட்டை நிறுத்திவிட்டு வசனத்தில் இறங்கினார். ‘வீட்ல பொண்டாட்டிய விட்டுட்டு வந்தது நீங்க. வாசக்கதவ நானா வந்து தட்டுனேன்? காசு கேட்டா தாசி, கேக்காம இருந்தா ஏமாளி. எனக்கு எந்தப் பேரு வேணும்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க.’ ராஜபார்ட்டுக்குப் பதில் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து, அப்புறம் அடங்கிப்போனது. இது எந்த அச்சுப் பிரதியிலும் இல்லை. ஆனால் இதற்கு இடம்கொடுத்த வடிவம் சுவாமிகளுடையது. பிரதி மறுத்ததை மேடை கொடுக்கிறது.

‘மாபாவி’ கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். மதுரைக்குப் போகாதே என்று கோவலனைக் கண்ணகி தடுக்கிற பாட்டில், அந்த ஊரில் வாழ்கிறவர்களை மாபாவிகள் என்கிற பொருள் படும்படி எழுதிவிட்டார் சுவாமிகள். மதுரையிலேயே நாடகம் நடந்தபோது ஊர்க்காரர்களுக்குக் கோபம். மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள், மூவரும் வாழும் ஊர் என்று பிரித்துக் காட்டித் தப்பித்தார் என்கிறார்கள். இதைப் புலமைக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. ஒரு ஊரையே வில்லனாக்கினால், அந்த ஊர் எழுந்து நின்று கேள்வி கேட்கிறது, ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு அந்த பலம் இருந்தது. மாதவிக்கும் வஞ்சிப்பத்தனுக்கும் சபையில் எழுந்து நிற்க ஆள் இல்லை. சிலேடை போட்டு அவர்களை யாரும் காப்பாற்றவில்லை.

அல்லி விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆண் துணையில்லாமல் மதுரையை ஆண்டவளை, தூக்கத்தில் தாலி கட்டி ஜெயிக்கிறான் அர்ஜுனன். நாட்டார் கதை அப்படித்தான் சொல்கிறது. மேடையில் அவனே ராஜபார்ட், அவனுக்கே கைத்தட்டல். கள்ளத்தனமாக உள்ளே நுழைந்தவன் யார் என்று கேட்டால் கள்ளபார்ட் யாருக்குப் போக வேண்டும்?

6

பெரிய எதிர்ப்பு, சுவாமிகளுக்குப் பிந்திய தலைமுறையிலிருந்து வந்தது. 1934-இல் பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ மேடையேறியது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்து, 1948-இல் தடை செய்யப்பட்டு, 1971-இல்தான் விடுபட்டது. எம்.ஆர். ராதாவின் ராமாயணத்துக்காகவே 1954-இல் நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டது என்று பேசப்பட்டது. வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகச் சட்டத்தின் வாரிசு அது. இரணியனையும் ராவணனையும் நாயகனாக்கியது சாதாரணக் காரியமல்ல. வில்லன் என்பவன் தோற்றவன், கதையை ஜெயித்தவன் எழுதினான் என்பதைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். அதன் கடன் நம் எல்லார் மீதும் இருக்கிறது.

ஆனால் நாற்காலிகளை இடம்மாற்றிப் போட்டதால் நாற்காலிகள் போய்விடவில்லை. ராவணன் நாயகனானதும் விபீஷணன் துரோகியானான். புதிய ராஜபார்ட், புதிய கள்ளபார்ட். கண்ணகி விஷயத்தில் இந்த இயக்கத்துக்குள்ளேயே பிளவு. பெண்ணடிமைப் பிரதி என்று சிலப்பதிகாரத்தைத் தாக்கினார் பெரியார். தமிழின் நீதிச் சின்னம் என்று 1968-இல் கடற்கரையில் சிலை எழுந்தது. 1942-இல் ஜூபிடரின் ‘கண்ணகி’, 1964-இல் கலைஞரின் ‘பூம்புகார்’. இரண்டிலும் பொற்கொல்லன் பொற்கொல்லனாகவே இருந்தான். பகுத்தறிவும் அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறொரு வழியும் இருந்தது. சிவகாசி விஸ்வநாததாஸ் கண்ட வழி. நாவிதர் சாதியில் பிறந்தவர் என்பதால் ஸ்திரீபார்ட்டுகள் சிலர் கூட நடிக்க மறுத்தார்கள். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவரான கே.பி. ஜானகியம்மாள் சேர்ந்து நடித்தார். விஸ்வநாததாஸ் புதுக் கதை எழுதவில்லை. அதே ‘வள்ளி திருமணம்’தான். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடம் வந்ததும், வெள்ளைக் கொக்குகளை வெள்ளைக்காரனாக்கிப் பாடினார், பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். எங்கள் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். தெரிந்த மெட்டு, புது எதிரி. இவர்கள் காட்டிய எதிரி பிறப்பால் கெட்டவன் அல்ல, அதிகாரத்தால் கெட்டவன். அவனை நிரந்தரமாக ஒரு சாதியிலோ ஒரு பாலினத்திலோ ஒட்டவைக்க முடியாது. கொக்கு பறந்துவிட்டால் வேஷம் காலி.

7

இப்போது மூன்றாம் காண்டத்துக்கு வருகிறேன். மேடைக் கோவலன் தொடாத பகுதி அது. எங்கள் மலை இருக்கிற பகுதியும் அதுதான்.

வஞ்சிக் காண்டத்தில்தான் நீதியின் மறுவிசாரணை நடக்கிறது. மாதவியின் துறவு தெரியவருவது அங்கே. பாண்டியன் மன்னிக்கப்படுவது அங்கே. ஆயிரம் பொற்கொல்லர் பலியானது அங்கே. எல்லாவற்றுக்கும் முதலில், கண்ணகியைக் கண்ட சாட்சிகள் அங்கேதான் வருகிறார்கள். அரசனோ புலவனோ சாட்சி அல்ல, குன்றக் குறவர்கள். மலையில் நின்ற பெண்ணை முதலில் பார்த்து, யாரென்று கேட்டு, அவளைத் தெய்வமாகக் கொண்டாடி, சேரனிடம் சொன்னவர்கள் அவர்கள். மதுரை தவறாகத் தீர்ப்பு சொன்ன வழக்கில் மலைச்சனங்கள் சரியாகத் தீர்ப்பு சொன்னார்கள். அதற்கப்புறம் கல்லெடுக்க இமயத்துக்குப் படை போயிற்று, கனக விசயர் தலையில் கல் ஏறிற்று, குறவர்கள் கதையிலிருந்து மறைந்தார்கள்.

நாடகம் மதுரையிலேயே முடிந்தால், மன்னிப்பும் இல்லை, சாட்சியும் இல்லை, கூட்டுப்பலியின் குற்றமும் இல்லை. தீ மட்டும் மிஞ்சுகிறது. தீ ஒரு நல்ல முடிவு, கைத்தட்டல் வாங்கும். ஆனால் கெட்டவன் எரிந்தான் என்கிற திருப்தியோடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இந்தத் திருப்தி மேடைக்கு வெளியேயும் வேலை செய்கிறது. மங்கலதேவி கோட்டம் இருப்பது தமிழக – கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். வருஷத்தில் ஒரு நாள் இரண்டு மாநில அதிகாரிகளும் போலீசும் கூடி அனுமதி தருகிறார்கள். யாருடைய கண்ணகி என்று பேச்சு தடிக்கும். முல்லைப்பெரியாறு விவகாரத்தில் 2011 டிசம்பரில் எல்லை கொதித்தபோது, இந்தப் பக்கம் மலையாளி கள்ளபார்ட், அந்தப் பக்கம் தமிழன் கள்ளபார்ட். அடிபட்டவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன பெண்களும், ரோட்டோரத்தில் கடை வைத்திருந்தவர்களும். 1895-இல் அணையைக் கட்டி முடித்த பென்னிகுக் எங்கள் ஊர்களில் தெய்வம். டீக்கடையில் படம் இருக்கிறது, லோயர்கேம்பில் 2013-இல் மணிமண்டபம் வந்தது. அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அதே அணைக்காக மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலிகளுக்கு எந்தக் கடையிலும் படம் இல்லை. ராஜபார்ட் ஒருவர் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் பின்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். பளியன்குடி வழியாக ஏறுகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர், அந்த அடிவாரத்துப் பளியர்களை இந்தக் கதையின் முதல் சாட்சிகளின் உறவினர்களாக நினைத்துப் பார்க்கிறார்கள்?

8

ஆகவே கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நாயகனையும் வில்லனையும் நியாயமாகக் காட்டுவது என்றால், நல்லது கெட்டதுக்குச் சரிபாதி மார்க் போடுவதல்ல. கொலைக்காரனையும் கொலையுண்டவனையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமே அல்ல. எனக்குத் தெரிந்து இரண்டு அளவுகோல்கள் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச முறை கிடைத்ததா? தண்டனை குற்றவாளியோடு நின்றதா?

முதல் அளவுகோலில் இளங்கோ மாதவி வரை வருகிறார். சுவாமிகள் அச்சில் தோற்றாலும், தர்க்கம் என்கிற வாசலைத் திறந்து வைத்ததால் மேடையில் பாதி ஜெயிக்கிறார். இரண்டாவது அளவுகோலில் இளங்கோ படுதோல்வி. மேடைக்கோ அந்தப் பரீட்சை எழுதவே வாய்ப்பில்லை, மதுரையோடு படுதா விழுந்துவிடுகிறது. திராவிட மேடை முதல் அளவுகோலை ராவணனுக்குக் கொடுத்தது, கம்மாளனுக்குக் கொடுக்கவில்லை.

சுவாமிகளைக் கும்பிடுவதும் தேவையில்லை, தள்ளுவதும் தேவையில்லை. அவர் விட்டுப்போன வடிவத்தில் செய்ய வேலை இருக்கிறது. மூன்றாம் காண்டத்தை மேடைக்குக் கொண்டு வரலாம். வஞ்சிப்பத்தன் எந்தக் கடனுக்காகச் சிலம்பைத் திருடினான் என்று அவனையே கேட்கலாம். கொற்கையில் வெட்டப்பட்ட ஆயிரம் பேரில் ஒருவனின் மனைவி கண்ணகியின் முன்னால் வந்து நின்று, உன் புருஷன் திருடவில்லை என்று நீ நிரூபித்தாய், என் புருஷன் திருடவில்லை என்று நான் யாரிடம் போய் நிரூபிப்பது என்று தர்க்கம் செய்யலாம். அவள் கையிலும் ஒரு சிலம்பு வேண்டும் என்பதில்லை. பட்டறைச் சுத்தியல் போதும். ஆர்மோனியக்காரருக்கு மெட்டுத் தெரியும், ஸ்திரீபார்ட்டுக்கு வசனம் தானாக வரும். எழுத வேண்டியவர்கள் நாம்தான் இன்னும் உட்காரவில்லை.